சொல்லிலிருந்து நெஞ்சுக்கு: வள்ளுவரின் வாய்மை அதிகாரம்

நாவடக்கத்தைப் பற்றிப் பேச முற்படும் மறையுரையாளரும் மேடைப் பேச்சாளரும் திருக்குறளில் வழக்கமாக நாடிச் செல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று, இனியவை கூறலில் வரும் கனி, காய் உவமை. மற்றொன்று, அடக்கமுடைமையில் வரும் தீப்புண், நாப்புண் ஒப்பீடு. இரண்டும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. ஆனால் இவற்றோடு நின்றுவிட்டால், வள்ளுவர் நயமாகப் பேசக் கற்றுத்தரும் நாகரிக ஆசானாக மட்டுமே நமக்குக் காட்சி தருவார். நாவைக் காப்பது மனிதனை உள்ளிருந்து மாற்றும் தவம் என்று அவர் கருதியதை அறிய விரும்புவோர், முப்பதாம் அதிகாரமாகிய வாய்மைக்கு வந்தாக வேண்டும். அங்கே வருவோர் குறைவு. காரணம் வெளிப்படை. அந்த அதிகாரத்தின் இரண்டாம் குறள் நம்மில் பலருக்குச் சங்கடம் தருகிறது.

சொல்லைப் பற்றி வள்ளுவர் ஓரிடத்தில் மட்டும் பேசவில்லை. இல்லறவியலில் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, துறவறவியலில் வாய்மை, பொருட்பாலில் அமைச்சருக்குரிய சொல்வன்மை என்று அது நூல் முழுவதும் பரந்து கிடக்கிறது. சொல்வன்மை பிறரை வெல்லும் திறம் பற்றியது. அதை இங்கே விட்டுவிடலாம். ஏனையவற்றைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒரு போக்கு புலப்படும். இனியவை கூறலின் முதற்குறளே இனிமையை ஓசையில் வைக்காமல், அன்பு கலந்ததும் வஞ்சம் அற்றதுமான மனத்தில் வைக்கிறது. புறங்கூறாமையோ ஒன்பது குறள்களில் புறங்கூறுவோரைக் கடிந்துவிட்டுப் பத்தாவதில் திடீரெனத் திரும்பி, அயலார் குற்றத்தைக் காண்பதுபோல் தன் குற்றத்தையும் ஒருவன் காண வல்லவனானால் உயிர்களுக்குத் தீங்கு ஏது என்று வினவுகிறது. நாவைப் பற்றிய அதிகாரம் கண்ணில் முடிகிறது! பயனில சொல்லாமை இன்னும் கடுமையானது. வீண் சொல்லைப் பாராட்டுபவனை மனிதன் என்று அழைப்பதற்கே வள்ளுவர் மறுத்துப் பதர் என்கிறார். மனிதர் பேசும் ஒவ்வொரு வீண் வார்த்தைக்கும் தீர்ப்பு நாளில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற நற்செய்தி எச்சரிக்கையைக் கேட்டுப் பழகிய நமக்கு, இக்கடுமை புதியதன்று.

இனி, முப்பதாம் அதிகாரம். பிறருக்கு எவ்வகைத் தீங்கும் விளைக்காத சொல்லைச் சொல்வதே வாய்மை என்று முதற்குறள் இலக்கணம் வகுக்கிறது. நடந்ததை நடந்தவாறு சொல்லுதல் என்று அது கூறவில்லை என்பது கருதத்தக்கது. அடுத்த குறள் ஒரு படி மேலே சென்று, குற்றம் சிறிதும் கலவாத நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மைக்குரிய இடத்தைப் பெறும் என்கிறது. பரிமேலழகர் இதை மழுப்பவில்லை. கேட்டையோ சாவையோ எய்த நின்ற ஓர் உயிர், பிறர் சொன்ன பொய்யால் அதிலிருந்து நீங்கி இன்புறுவதையே அவர் அந்நன்மைக்கு விளக்கமாகக் காட்டுகிறார்.

புனித அகுஸ்தீனார் இதை ஒருபோதும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பொய் பற்றி அவர் இரு நூல்கள் எழுதினார்; ஒன்று 395ஆம் ஆண்டளவில், மற்றொன்று 420ஆம் ஆண்டளவில். எந்த நன்மைக்காகவும் பொய் கூறலாகாது என்பதே இரண்டின் முடிவும். முதல் நூலில் அவர் கூறும் நிகழ்ச்சி மறக்க இயலாதது. தகாஸ்தே நகரின் ஆயராக இருந்த பிர்முஸ், தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவரை மறைத்து வைத்திருந்தார். பேரரசனின் ஏவலர் வந்து கேட்டபோது, தம்மால் பொய் சொல்லவும் இயலாது, அவரைக் காட்டிக்கொடுக்கவும் இயலாது என்றார். வதைத்தார்கள், அவர் அசையவில்லை. இறுதியில் அந்த உறுதியைக் கண்டு வியந்த பேரரசன், ஒளிந்திருந்தவரையும் மன்னித்தான். விடுதலைப் பயண நூலில் எபிரேயக் குழந்தைகளைக் காக்கும் பொருட்டுப் பார்வோனிடம் பொய் சொன்ன மருத்துவப் பெண்களைப் பற்றியும் அகுஸ்தீனார் தயங்கவில்லை. கடவுள் கைம்மாறு அளித்தது அவர்களுடைய இரக்கத்திற்கேயன்றிப் பொய்யிற்கு அன்று என்பது அவர் விடை.

திருச்சபை மரபு முழுவதும் ஒரே குரலில் பேசியது என்று கருதுவதும் தவறாகும். அகுஸ்தீனாரின் காலத்தவரான யோவான் காசியான், எகிப்தியத் துறவியருடன் நடந்தவையாக எழுதிய உரையாடல்களுள் பதினேழாவதில், பொய் நச்சுப்பூண்டு போன்றது என்ற கருத்து வருகிறது. கொடிய நோய் உயிரைக் கவ்வும் வேளையில் அது மருந்து. நலமாக இருப்பவனுக்கோ அதுவே எமன். பரிமேலழகரின் விளக்கத்திற்கும் இதற்கும் உள்ள நெருக்கத்தைச் சொல்லவும் வேண்டுமோ? நம் காலத்திலும் இத்தயக்கம் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, உண்மையை அறிய உரிமையுள்ள ஒருவரைத் தவறான எண்ணத்திற்கு இட்டுச்செல்வதே பொய் என்று 2483ஆம் எண்ணில் வரையறுத்தது. 1997இன் இலத்தீன் மூலப் பதிப்பிலோ ‘அறிய உரிமையுள்ள’ என்னும் நிபந்தனை நீக்கப்பட்டது. ஒரு சொற்றொடரின் நீக்கத்தில் அகுஸ்தீனார் மீண்டும் வென்றார் எனலாம். அவர் எழுதிய அதே இலத்தீனில், 1730இல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்த வீரமாமுனிவரின் மேசையில் இவ்விரு கருத்துகளும் ஒருமுறை அடுத்தடுத்து அமர்ந்திருக்க வேண்டும்.

அப்படியானால் வள்ளுவர் வாய்மையைத் தளர்த்திவிட்டாரா? இரண்டாம் குறளைத் தனியே பிய்த்தெடுத்து ஆள்வோர் அவ்வாறுதான் ஆக்கிவிட்டனர். நம் குடும்பங்களில் இதற்குப் பெரிதும் வழக்கமான களம் நோயாளியின் படுக்கை. புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதை வீட்டார் மறைத்து, சாதாரண வயிற்றுப் புண் என்கிறார்கள். கேட்டால் குறளைச் சான்று காட்டுகிறார்கள். அன்பினால் செய்கிறார்கள் என்பதை மறுக்க வேண்டாம். எனினும் அந்தப் பொய் யாருக்கு இதமளிக்கிறது? நோயாளிக்கா, அல்லது அவர் அழுவதைக் கண்டு உடன் அழும் துணிவு இல்லாத நமக்கா? தம் இறுதி நாள்களை அறிந்து, பகையைத் தீர்த்து, விடைபெறும் வாய்ப்பை அவர் இழந்துபோனால், அந்த நன்மையைக் குற்றமற்றது என்று எவ்வாறு அழைப்பது? குறளின் நிபந்தனை நாம் நினைப்பதைவிட மிகக் கடினமானது.

அதைவிடக் கடினமானது அடுத்து வரும் குறள். தன் நெஞ்சம் அறிந்த ஒன்றில் பொய் சொல்லாதே. சொன்னால் உன் நெஞ்சமே உன்னைச் சுட்டெரிக்கும் என்கிறது அது. முன்னிரு குறள்களில் அளவுகோல் கேட்பவரிடம் இருந்தது: அவருக்குத் தீங்கா, நன்மையா? மூன்றாவதில் அது சொல்பவரின் உள்ளே வந்துவிடுகிறது. இரண்டாம் குறள் தந்த சலுகையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே புறப்படுபவனை மூன்றாம் குறள் வாசலில் நிறுத்திச் சோதிக்கிறது. ஊரையும் மருத்துவரையும் ஏய்க்கலாம். உள்ளிருக்கும் இந்த நீதிபதியை என்ன செய்வது?

மூன்றாம், நான்காம், ஐந்தாம் குறள்களில் முறையே நெஞ்சு, உள்ளம், மனம் என்னும் சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. பரிமேலழகர் வழி இன்று வழங்கும் வரிசை இது. ஏனைய பழைய உரைகளில் குறள் வரிசை மாறுபடுவதுண்டு என்பதை மறக்கவில்லை. வரிசை எதுவாயினும், ஓர் அதிகாரத்தின் மூன்று குறள்கள் அகத்தைக் குறிக்க மூன்று வெவ்வேறு சொற்களை ஆள்வது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மனத்தோடு பொருந்த வாய்மை பேசுபவர், தவமும் தானமும் ஒருங்கே செய்வாரினும் மேலானவர் என்கிறது ஐந்தாவது. எட்டாவது, நீரால் உடல் தூய்மை பெறுவதுபோல் வாய்மையால் அகம் தூய்மை பெறும் என்று இன்னும் தெளிவாக்குகிறது. குளிப்பது அன்றாடம் செய்வது. ஒருமுறை குளித்துவிட்டோம் என்று எவரும் நின்றுவிடுவதில்லை. பேச்சையும் அவ்வாறு அன்றாடப் பயிற்சியாகவே வள்ளுவர் கண்டிருக்க வேண்டும். அதனாலன்றோ துறவியருக்குரிய பகுதியில் இதை வைத்தார்!

1886இல் குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப், வள்ளுவரின் உயர்ந்த கருத்துகளுக்குக் கிறிஸ்தவத் தொடர்பு காரணமாகலாம் என ஊகித்தார். இன்றும் நம்மிடையே சிலர் அதை ஆவலோடு எடுத்துரைப்பதைக் கேட்கிறோம். அதற்குச் சான்று இல்லை, தேவையும் இல்லை. தீங்கிழைக்காத சொல்லே வாய்மை என்னும் நோக்கு, கொல்லாமையை முதன்மையாக வைத்த சமண மரபோடு நெருங்கியது. கொல்லாமை அதிகாரத்திலேயே, ஒப்பற்ற அறம் கொல்லாமை, அதற்கு அடுத்தது பொய்யாமை என்று வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். வாய்மை அதிகாரத்தின் இறுதிக் குறளோ, தாம் கண்டவற்றுள் வாய்மையைவிட நல்லது எதுவும் இல்லை என்கிறது. முரண் என்பர் சிலர். முதற்குறளின் இலக்கணத்தை மனத்தில் கொண்டால் முரண் மறைகிறது. நாவினால் கொல்லாதிருப்பதற்கு வள்ளுவர் இட்ட பெயரே வாய்மை.

பிர்முஸ் இந்த அதிகாரத்தைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இரண்டாம் குறளின் வாசல் அவருக்குத் திறந்தே இருந்தது. ஓர் உயிர் அவருடைய நாவைச் சார்ந்து நின்றது. அவர் அவ்வாசலில் நுழையவில்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை. தீங்கற்ற சொல், நெஞ்சோடு பொருந்திய சொல் என்னும் இரண்டையும் ஒரே விடையில் காத்து, அதற்கான விலையைத் தம் உடலால் கொடுத்தார். வள்ளுவர் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார். அவரைப் போல் நிற்க இயலாதவரையும் கைவிட்டிருக்க மாட்டார். இவ்விடத்தில் என் மனம் அகுஸ்தீனாரைவிட வள்ளுவரையே சார்கிறது.

இன்னொன்று. வாய்மைக்கு முன் நிற்பது கள்ளாமை, பின் நிற்பது வெகுளாமை. ‘உள்ளத்தால்’ என்னும் ஒரே சொல் இம்மூன்று அதிகாரங்களிலும் வருகிறது: பிறர் பொருளைக் கவர உள்ளத்தால் எண்ணுவதும் தீது, உள்ளத்தால் பொய்யாது ஒழுகுபவன் உலகோர் உள்ளங்களில் வாழ்வான், உள்ளத்தால் சினத்தை நினையாதவன் நினைத்தவை எல்லாம் பெறுவான். கை, நாக்கு, சினம் என்று மூன்றும் ஒரே ஊற்றுக்கண்ணுக்குத் திரும்புகின்றன. பொய் தீர்ந்த நாவிலும் கடுஞ்சொல் எஞ்சியிருக்கக் கூடும் என்பதை அறிந்தவர் போல, வாய்மையை முடித்த கையோடு வள்ளுவர் சினத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.