ரைபிள் பெட்டிங்: மரபுகளும் அளவுகோல்களும்

ரைபிளின் ஆக்‌ஷன், அதாவது குழலும் போல்ட்டும் பொருந்தும் எஃகுப் பகுதி, கட்டையில் உட்காரும் விதமே பெட்டிங். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஆக்‌ஷன் பின்னோக்கி உதைக்கிறது; குழல் அதிர்கிறது. அடுத்த குண்டுக்கு முன் ஆக்‌ஷன் பழைய இடத்திலேயே அமர்ந்தால்தான் குண்டுகள் இலக்கில் நெருங்கி விழும். அந்த அமர்வை எப்படிப் பெறுவது என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன.

மூத்தது மரவேலை மரபு. எஃகில் விளக்குக்கரி பூசிக் கட்டையில் அமர்த்தி எடுப்பார்கள். கரி ஒட்டிய மேடுகளை மட்டும் உளியால் சீவுவார்கள். கரி எங்கும் சீராகப் படியும்வரை இது தொடரும். பிரிட்டனின் நான்காம் எண் லீ-என்ஃபீல்டில் கட்டையின் முன்முனை குழலைச் சில பவுண்டு விசையோடு மேல்நோக்கித் தாங்கும். இம்மரபின் பகை ஈரம். அமெரிக்க மரைன் படை 1966இல் ஏற்ற எம்40 ரைபிளின் மரக்கட்டை வியட்நாம் ஈரத்தில் உப்பி வளைந்தது. அடுத்து வந்த எம்40ஏ1 கண்ணாடியிழைக் கட்டைக்கு மாறியது.

இரண்டாவது எபாக்சி மரபு. கட்டையின் உட்புறத்தைக் குடைந்து எபாக்சி பூசி, மெழுகு தடவிய ஆக்‌ஷனை அதில் அமர்த்தி இறுகவிடுவார்கள். எஃகின் வடிவம் அப்படியே பதிகிறது. இதில் உயிர்நிலை, உதையைத் தாங்கும் ரிகாயில் லக். அதன் பின்முகம் மட்டும் எபாக்சியில் முழுதாகப் படிய வேண்டும். முன்னும் பக்கமும் அடியும் டேப் ஒட்டி இடைவெளி விடுவதே பரவலான வழக்கம்.

மூன்றாவது உலோக மரபு. ஆக்‌ஷனைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகளைச் சுற்றி அலுமினியத் தூண்களை நிறுத்தினால் எவ்வளவு முடுக்கினாலும் கட்டை நசுங்காது. அமெரிக்கத் தரைப்படை 1988இல் ஏற்ற எம்24 ரைபிளின் கட்டைக்குள் முழு அலுமினியப் பாளமே பதிந்திருக்கிறது. ரைபிளை மேசைமேல் தாங்கியில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர் சிலர் ஆக்‌ஷனைக் கட்டையோடு ஒட்டியே விடுகிறார்கள்.

பிந்தைய இரு மரபுகளிலும் குழல் பெரும்பாலும் கட்டையைத் தொடாமல் நிற்கும். இடையே ஒரு தாள் தடையின்றி ஓட வேண்டும் என்பது முதல் சோதனை. அடுத்தது டயல் கேஜ் சோதனை: கேஜைக் கட்டைமுனையில் பொருத்தி, அதன் ஊசி குழலைத் தொட, முன்திருகைத் தளர்த்துவார்கள். நகர்வு 0.05 மி.மீ.க்குள் இருந்தால் ஆக்‌ஷன் வளையாமல் அமர்ந்திருக்கிறது என்று பொருள். அதைத் தாண்டினால் திருகை இறுக்கிப் பயனில்லை. பெட்டிங்கைப் புதிதாகச் செய்வதே வழி.