காடும் காடு சார்ந்த இடமும்: பெயரிடும் அதிகாரம் பற்றிச் சில குறிப்புகள்

1

முல்லை என்றால் காடும் காடு சார்ந்த இடமும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியாயிற்று. காடு எது, சார்ந்த இடம் எது, இரண்டுக்கும் நடுவில் கோடு போடுகிறவன் யார் என்று வாத்தியாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. கொங்குப் பக்கம் சோளம் விதைக்கிற புன்செய்க்குப் பேர் காடு. செத்தவரைக் கொண்டுபோகிற இடமும் காடுதான். எங்கள் பக்கத்தில் முந்திரிக்காடு உண்டு. அரசாங்கத்தின் அகராதியிலோ இவற்றில் பாதி 'தரிசு', மீதி 'புறம்போக்கு'. ஆக, காடு என்பது மரங்களின் எண்ணிக்கை மட்டுமல்ல. அது ஒரு சொல்லாடல். அதற்குள் யார் நுழையலாம், யாருடைய ஆடு நுழையக்கூடாது என்பதெல்லாம் அடக்கம்.

1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்றது. எந்த மொழியின் அகராதி என்று கேட்க நம்மில் யாருக்கும் தோன்றவில்லை.

2

இந்தக் கேள்வியை ஸ்காட்லாந்திலிருந்து தொடங்குவது வசதி. அங்கே 'மான் காடு' என்று ஒன்று இருக்கிறது. போய்ப் பார்த்தால் பெரும்பகுதியில் மரமே கிடையாது. ஹீத்தர் புதர், பாறை, ஈரச் சதுப்பு. பிரபுக்கள் மான் வேட்டையாட ஒதுக்கிய நிலம் என்பதால் அது காடு. 'மூலதனம்' முதல் தொகுதியில், ஆதித் திரட்டல் பற்றிய பகுதியில், மார்க்ஸ் இந்த மரமில்லாக் காட்டைக் கேலி செய்கிறார். அதற்கு முந்தைய கதையும் அவரிடம் இருக்கிறது: 1814க்கும் 1820க்கும் இடையில் சதர்லாந்து சீமாட்டியின் நிலத்திலிருந்து 15,000 கேலிக் குடிகள் விரட்டப்பட்டார்கள். 1825 வாக்கில் அந்த இடத்தில் 1,31,000 ஆடுகள். முதலில் மனிதனுக்குப் பதில் ஆடு, பிறகு ஆட்டுக்குப் பதில் மான். இன்றைக்குச் சுற்றுலாப் பயணி அங்கே போய் 'ஆகா, மனிதக் கால் படாத இயற்கை' என்று படம் எடுக்கிறான். மனிதக் கால் படாததல்ல, மனிதக் கால் அகற்றப்பட்டது. இரண்டும் ஒன்றா?

3

அதே ஸ்காட்லாந்து நம் காடுகளுக்கும் பெயர் வைத்தது. 1820இல் சென்னையில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்து, கம்பெனி மருத்துவராகத் திரும்பி வந்த ஹியூ கிளெக்ஹார்ன் 1856இல் சென்னை மாகாணத்தின் காடுகளுக்குப் பொறுப்பாளரானார். 1861இல் தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். காடு அழிவதைப் பார்த்து அவர் கவலைப்பட்டது நிஜம். ரயில்வேக்காக மரம் சாய்வதும் அவர் கண்ணில் பட்டது. ஆனால் 1860இல் சென்னை அரசின் தடை யார் மீது விழுந்தது? குமரி எரித்து விதைத்த மலைக் குடிகள் மீது. ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. 1882 சென்னை வனச் சட்டம் இந்தத் தர்க்கத்தைப் பூட்டு சாவியோடு நிலைநிறுத்தியது.

இவருடைய தாத்தா பேரும் ஹியூ கிளெக்ஹார்ன்தான். செயிண்ட் ஆண்ட்ரூஸில் பேராசிரியர். 1795இல் டச்சுக்காரர்களிடம் கூலிக்கு இருந்த சுவிஸ் படையை ஆங்கிலேயர் பக்கம் திருப்பி, இலங்கை கைமாறுவதற்கு வழி செய்தவர். இலங்கையின் முதல் காலனியச் செயலாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பி, ஃபைஃப் பகுதியில் ஸ்ட்ராவிதி என்ற பண்ணையை வாங்கினார். பேரனும் கடைசியில் அங்கேதான், 1895இல், செத்துப்போனார். ஒரு ஸ்காட்டியப் பண்ணையின் மர நிழலுக்குள் இலங்கையும் சென்னை மாகாணமும் இருக்கின்றன. நிலக்காட்சி என்பது ஒரு பிரதி என்றால் அதை இப்படித்தான் வாசிக்க முடியும்.

4

இப்போது நம் ஊருக்கு வருவோம். நான் இருப்பது புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டை, லாரி முனையம், புகை. இங்கிருந்து வடகிழக்கே போனால் செம்மண் மேட்டில் ஆரோவில். 1968 பிப்ரவரி 28இல் தொடக்கவிழா. அந்தக் காடு உருவான கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள்: 'இங்கே ஒன்றுமே இல்லை, பாலைவனம். நாங்கள் வந்தோம், காடு வந்தது.'

இதில் பாதி உண்மை. அரிப்பெடுத்த செம்மண்ணில் மழைநீரைத் தடுக்க வரப்பு போட்டார்கள், ஆஸ்திரேலிய அக்கேசியாவை நட்டு நிழல் உண்டாக்கினார்கள், அந்த நிழலில் இந்த மண்ணுக்கே உரிய மரங்களை வளர்த்தார்கள். பாராட்டத்தான் வேண்டும். மறு பாதி? 'ஒன்றுமே இல்லை' என்கிற இடத்தில் குயிலாப்பாளையம் இருந்தது, ஆலங்குப்பம் இருந்தது, இடையன்சாவடி இருந்தது. மேய்ப்பவன் பேரையே வைத்துக்கொண்டிருக்கும் ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெற்றுநிலம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது? முல்லைத் திணையில் காட்டுக்கு உரியவர் ஆயர். நவீனக் காட்டில் முதல் குற்றவாளி ஆடு. குழி வெட்டியது யார், தண்ணீர் சுமந்தது யார்? அந்தக் கூலிக்காரர்களுக்கு இந்த வரலாற்றில் பெயர் இல்லை. 'உள்ளூர் மக்களின் உதவியுடன்' என்ற ஒரு வரியில் முடிந்துபோகிறார்கள்.

5

வளர்க்கப்பட்ட அந்த மண்ணின் மரங்களுக்கு விதை எங்கிருந்து வந்திருக்க முடியும்? வீரை, காயா, உலக்கைப் பாலை, கருங்காலி, களா. சோழமண்டலக் கரைக்குரிய, குட்டையான, வறட்சியிலும் இலை உதிர்க்காத காடு இது. 1936இல் சாம்பியன் தந்த வகைப்பாட்டில் இதற்கு 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்று பெயர். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இதை ஆராய்ந்தார்கள். ஆனால் பெயர் வைப்பதற்கு முன்பே இதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் ஊர்க்காரர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி இன்றும் ஒரு துண்டு நிற்கிறது. 'சாமி காடு, கை வைக்கக்கூடாது' என்ற ஒரே சட்டம்.

உடனே 'பார்த்தீர்களா, நம் முன்னோரின் சூழலியல் அறிவு!' என்று பெருமையடிக்கத் தொடங்குவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கோயில்காடு என்றால் கோயிலும் உண்டு. கோயில் என்றால் முதல் மரியாதை, வரி, ஊர், சேரி எல்லாம் உண்டு. 'ஊர் காப்பாற்றியது' என்கிற வாக்கியத்தில் ஊருக்குள் யார் யார் என்று கேட்காமல் கோயில்காட்டைக் கொண்டாடுவது, சாதியைப் பச்சை வண்ணத்தில் எழுதுவதாகும். திணைக் கோட்பாடும் தப்பாது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். தலைவி வீட்டில் காத்திருக்கிறாள். விறகு பொறுக்கக் காட்டுக்குள் போன பொம்பளைக்கு எந்தத் திணையில் இடம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் 'அகதி' என்ற சொல் போய் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. பெயர் மாறினால் சொந்த நிலம் வந்துவிடுமா? காட்டுத் துண்டுக்கு ஆராய்ச்சி உண்டு, பாதுகாப்புக்குக் கோரிக்கை உண்டு. பக்கத்திலேயே வாழ்கிற மனிதர்கள் 'சார்ந்த இடம்'கூட இல்லை.

6

இந்த விமர்சனத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2021 டிசம்பரில் ஆரோவிலில் வட்டச் சாலைக்காக ஜேசிபி இறங்கியது, மரங்கள் சாய்ந்தன. அது காடா இல்லையா என்று வழக்கு நடந்தது. 2022 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதி பெறச் சொன்னது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 'வெள்ளைக்காரன் வைத்த மரம்தானே' என்று நாம் கைதட்டினால், ஜேசிபிக்கு டீசல் ஊற்றியவர்கள் ஆவோம். விழுந்த இடத்தில் மேய்ச்சல் நிலம் திரும்பி வரப்போவதில்லை. வந்தது சாலை.

ஸ்காட்லாந்தில் வேறொரு வழியும் நடந்தது. 1993இல் அசின்ட் சிறுகுடியானவர்கள் தாங்கள் உழும் பண்ணையைத் தாங்களே வாங்கினார்கள். 1997இல் எய்க் தீவுக்காரர்கள். 1998இல் நெஸ் ஏரிப் பக்கத்து அப்ரியாகன் கிராமம் தன்னைச் சுற்றியிருந்த காட்டை வாங்கியது. 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் யாருடைய நிலத்திலும் பொறுப்போடு நடந்துபோகும் உரிமையைத் தந்தது. அங்கே நிலப்பிரபுத்துவம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் காட்டைக் காப்பதும் குடிகளைக் காப்பதும் எதிரெதிர் வேலைகள் அல்ல என்பது தெரிந்தது. இங்கும் 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது அரசு 'காடு' என்று ஒத்துக்கொண்ட நிலத்துக்குத்தான். தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்ட இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது எட்டாது.

ஆகவே நம் வேலை மரத்தை எண்ணுவதோடு முடிவதில்லை. 'வெற்றுநிலம்' என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் நிறுத்திக் கேட்பது: யாருக்கு வெறுமை? குழி வெட்டியவர்களின் வரலாற்றை அவர்கள் வாயாலேயே பதிவு செய்வது. கோயில்காட்டுக்குப் பாதுகாப்பு கேட்கும்போதே அதன் நிர்வாகத்தில் சேரிக்கும் முகாமுக்கும் என்ன இடம் என்று கேட்பது. இதையெல்லாம் கேட்காமல் நடுகிற மரமும் வளரும்தான். ஆனால் அது வேலிக்கு அந்தப் பக்கம் வளரும்.