வலியும் கடைசி அத்தியாயமும்

நம் நாவல்களில் புற்றுநோய் கண்ட பெண் உருக்கமாக நாலு வார்த்தை பேசிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். நானும் ஒருத்தியை அப்படிச் சாகடித்திருக்கிறேன். வாசகர்கள் அழுதார்கள், எனக்குத் திருப்தி. இன்று அந்தப் பக்கங்களைப் புரட்டக் கூச்சமாக இருக்கிறது.

இலக்கியம் நோயை ஏன் ஒதுக்கிவிட்டது என்று வர்ஜீனியா உல்ஃப் 1926-ல் ஒரு கட்டுரையில் கேட்டார். வலியைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தை இல்லை என்பது அவர் குறை. அந்தச் சாக்கு நமக்குச் செல்லாது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என்று நம் வீட்டுப் பெண்கள் வலிக்கு வலி பெயர் வைத்திருக்கிறார்கள். காது கொடுத்துக் கேட்ட எழுத்தாளர்கள்தாம் குறைவு.

மார்பகப் புற்று எலும்புக்குப் பரவினால் முதுகு, இடுப்பு, விலா என்று குடைச்சல் எடுக்கும். புரண்டு படுப்பது பெரிய காரியமாகிவிடும், இருமக்கூடப் பயம். அடுத்த வேளை மருந்துக்கு இன்னும் எத்தனை நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி இரவு கழியும்.

இதைக் காது கொடுத்துக் கேட்டவர் ஒரு டாக்டர். லண்டனில் ஸிஸிலி ஸாண்டர்ஸ் நோயாளிகளின் பேச்சை டேப்பில் பதிவு செய்தார். வலி திரும்புமுன் வேளை தவறாமல் மார்பின் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1967-ல் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். கடிகாரத்தைப் பார்க்கும் வேலையை நோயாளியிடமிருந்து மருத்துவர் வாங்கிக்கொண்டார் என்று சொல்லலாம்.

கதாசிரியனும் வாங்கிக்கொள்ள வேண்டிய வேலை அது. என் கதாநாயகி முந்நூறு பக்கத்தில் ஒரு தரம்கூடப் புரண்டு படுக்கவில்லை.