எழுப்பிவிட்ட எதிர்ப்பாற்றலை யார் உறங்கவைப்பது?

ஒழுங்குபடுத்தும் டி செல்களைக் கண்டறிந்ததற்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நோயெதிர்ப்பைப் பற்றிய பேச்சு அதன் பிறகு மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு வாசகமும் உலவுகிறது: கதிர்வீச்சு கட்டியை எரிப்பதோடு நிற்பதில்லை, உடலின் எதிர்ப்பாற்றலையும் தட்டி எழுப்புகிறது, கட்டியையே ஒரு தடுப்பூசியாக மாற்றிவிடுகிறது. சிகிச்சைக்குப் பயந்து நாள் கடத்தும் நோயாளிகளிடம் இதைச் சொல்கிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. வாசகத்தில்தான் ஐயம். அது பாதிக் கதையைச் சொல்கிறது. மீதிக் கதை கருப்பைவாய்க்கு ஒரு விரற்கடை முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையில் நடக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுக்குக் கரண்ட் வைத்துக்கொண்டு (கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்கிறோம்) தருமபுரி மாவட்டத்தின் அரூருக்கும் பென்னாகரத்துக்கும் திரும்பிப் போகும் பெண்கள் அதைச் சுமக்கிறார்கள்.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இடுப்புக் கதிர்வீச்சு உயிர் காக்கிறது. 1957-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கோபால்ட் கருவி வந்தது முதல், அறுவைக்கு எட்டாத கட்டத்தில் வந்து சேர்ந்த பெண்களுக்கு அதுதான் கதி. சிறுநீர்ப்பைப் புற்றிலும் பையை அகற்றாமல் ஆளைக் காப்பாற்ற முடிகிறது. பிரிட்டனின் பிசி2001 ஆய்வில் கதிர்வீச்சோடு மருந்தும் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினர் இரண்டாண்டு முடிவில் அப்பகுதியில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் அது 54. சிறுநீர்ப்பையின் எதிர்ப்பு செல்கள் புற்றை அடக்க வல்லவை என்பதும் பழைய செய்திதான். காசநோய்க்காக 1948-இல் கிண்டியில் தனி ஆய்வகமே தொடங்கித் தயாரித்தோமே, அந்த பிசிஜி தடுப்பூசியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பலன் கண்டதை 1976-இல் மொராலஸ் என்ற மருத்துவர் எழுதினார். கருப்பைவாய்ப் புற்றில் கதிர்வீச்சோடு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைச் சேர்த்த கீநோட்-ஏ18 ஆய்வில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 74.8-லிருந்து 82.6 விழுக்காடாக உயர்ந்தது. இதே எண்ணத்தோடு டுர்வாலுமாப் என்ற அதே வகை மருந்தைச் சேர்த்துப் பார்த்த கல்லா ஆய்வு தோற்றது. வாசகத்தைப் பரப்புகிறவர்கள் முதல் ஆய்வைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

எழுப்புவது என்றால் யாரை எழுப்புவது? உடலில் கதிர்வீச்சுக்கு மிக எளிதில் மடிகிற செல்களில் டி செல்கள் உள்ளிட்ட லிம்போசைட்டுகள் முன்வரிசையில் நிற்கின்றன. மற்ற செல்கள் பெரும்பாலும் பிரியும்போதுதான் சாகும். இவை சும்மா இருக்கும்போதே சாகும். ஒரு நாள் அளவான 2 கிரே பட்டாலே பாதி போய்விடும். இடுப்புக்கு வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் கதிர் பாய்ச்சும்போது, வளர்ந்தவரின் செயல்படும் எலும்பு மஜ்ஜையில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொண்ட இடுப்பெலும்பும் கீழ் முதுகெலும்பும் அந்தப் பாதையில் சிக்குகின்றன. டி செல்கள் பாடம் கற்கும் நிணநீர்க் கணுக்களையும் நோய் பரவியிருக்கும் என்று சேர்த்தே சுடுகிறோம். குறைந்த எண்ணிக்கை பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள். இந்த அழிவைக் கூடுதலாகத் தாங்கி நிற்பவை எவை தெரியுமா? நோபல் பரிசு வாங்கித் தந்த அதே ஒழுங்குபடுத்தும் டி செல்கள். எதிர்ப்பை அடக்கிவைப்பதுதான் அவற்றின் வேலை. பரிசைக் கொண்டாடும் மேடையில் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய விடுபடல்.

ஆனால் என் நெடுநாள் குறை இதுவும் அல்ல. கதிர் பட்ட செல்லில் டிஎன்ஏ உடைகிறது. உடைந்த துண்டுகள் செல்லின் உட்கருவை விட்டு வெளியே கசிகின்றன. அங்கே காவலிருக்கும் சிகாஸ் என்ற நொதி அவற்றை வைரஸ் என்று எண்ணி அபாய ஒலி எழுப்புகிறது. இன்டர்ஃபெரான் சுரக்கிறது, எதிர்ப்பு செல்கள் ஓடி வருகின்றன. எழுப்புதல் என்று இவர்கள் புகழ்வது இந்த ஒலியைத்தான். கட்டியின் செல்லுக்கு மட்டும் இது நடக்கும் என்று எந்த விதியும் கிடையாது. சிறுநீர்ப்பையின் உள்தோலும் அதே கதிரை வாங்குகிறது. அங்கேயும் அதே ஒலி எழுகிறது. கட்டி கரைந்த பிறகு கட்டியில் ஒலி நின்றுவிடும். சிறுநீர்ப்பை அப்படியே இருக்கிறது. வந்த மோனோசைட்டுகள் மேக்ரோஃபேஜ்களாக மாறிச் சுவரிலேயே தங்கிவிடுகின்றன; லிம்போசைட்டுகளைப் போல இவை கதிருக்கு எளிதில் சாவதில்லை. இவை சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா நார்ச் செல்களைத் தூண்டித் தழும்பை வளர்க்கிறது. நுண் இரத்தக் குழாய்கள் சுருங்கி அடைபடுகின்றன. போதிய இரத்தம் கிடைக்காத சுவரில் மெலிந்த புதுக் குழாய்கள் முளைத்து லேசாக உரசினாலும் வெடிக்கின்றன. பை சுருங்குகிறது. அரை மணிக்கொரு தரம் எழுந்து போக வேண்டியிருக்கிறது, போனால் எரிகிறது, ஒருநாள் சிவப்பாக வருகிறது. சிகிச்சை முடிந்து ஆறு மாதத்திலும் இது வரலாம், பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் வரலாம்.

எத்தனை பேருக்கு வருகிறது என்பதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுக்கு எம்ஆர்ஐ படம் பார்த்துப் பார்த்து உள் கதிர்வீச்சை அளந்து கொடுத்த எம்ப்ரேஸ் ஆய்வு 2021-இல் வெளியானது. ஐந்தாண்டு முடிவில் 92 விழுக்காட்டினரிடம் கட்டி அந்த இடத்தில் கட்டுக்குள் இருந்தது. அருமையான வெற்றி. அதே ஆய்வில் 6.8 விழுக்காட்டினருக்குச் சிறுநீர்ப் பாதையில் கடுமையான பாதிப்பு வந்தது. உலகின் தேர்ந்த மையங்கள் தந்த எண் இது, அதுவும் ஐந்தாண்டுக்கு மட்டும். கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்ற 1784 பெண்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஐஃபெலின் 1995-ஆம் ஆண்டு ஆய்வு, மலக்குடல் பாதிப்பு முதல் சில ஆண்டுகளுக்குப் பின் தணிந்துவிடுவதையும் சிறுநீர்ப்பை பாதிப்போ நிற்காமல் ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டே போவதையும் காட்டியது. ஐந்தாண்டில் கணக்கை மூடுகிறவர்கள் சிறுநீர்ப்பையின் கணக்கைத் திறக்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

தருமபுரியில் இது எப்படி நடந்தேறுகிறது? நோயாளிகள் பலர் கரண்டுக்காகச் சேலத்துக்கோ பெங்களூர் கித்வாய்க்கோ வேலூருக்கோ அடையாறுக்கோ போகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் செலவு கழிகிறது. முடிந்ததும் ஊர் திரும்புகிறார்கள். சில முறை மறுபரிசோதனைக்குப் போய்வருவார்கள். கட்டி இல்லை என்றதும் நின்றுவிடும். பேருந்துச் செலவும் கூலி இழப்பும் சும்மா இல்லை. எட்டு வருடம் கழித்து நீர்க்கடுப்பு வரும்போது உடம்பு சூடு என்று மோரும் இளநீரும் குடிக்கிறார்கள். பிறகு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார்கள். சிறுநீரைச் சோதித்தால் சீட்டில் பஸ் செல்கள் நிறைய என்று வருகிறது. உடனே நுண்ணுயிர்க்கொல்லி எழுதப்படுகிறது. ஐந்து நாள் விழுங்கியும் தீராவிட்டால் இன்னும் வலுவானது.

அந்தப் பஸ் செல்கள் வெள்ளணுக்களே. அழற்சி கொண்ட சிறுநீர்ப்பைச் சுவரிலிருந்து வடிந்த எதிர்ப்பு செல்கள். கிருமி ஒன்றுகூட இல்லாமலும் அவை வரும். நாம் எழுப்பிவிட்டதாகப் பெருமைப்பட்ட எதிர்ப்பாற்றல்தான் பத்தாண்டு கழித்து நுண்ணோக்கியின் கண்ணாடிச் சில்லில் கிடக்கிறது. அதைக் கிருமித்தொற்று என்று படித்து, தேவையற்ற மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கல்ச்சர் வைத்துப் பார்த்தால் பாதி குழப்பம் தீரும். கிருமி வளராவிட்டால் காசநோயைத் தேட வேண்டும், கல்லைத் தேட வேண்டும், முன்பு கரண்ட் வைத்ததுண்டா என்று கேட்க வேண்டும். இரத்தம் வந்தால் சிஸ்டோஸ்கோப் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் இடுப்புக் கதிர்வீச்சு பிற்காலத்தில் சிறுநீர்ப்பைப் புற்றின் வாய்ப்பையும் கூட்டுகிறது. கதிர்வீச்சால் வந்த அழற்சி என்று உறுதியானால் செய்வதற்கு வழிகளும் இருக்கின்றன. அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சை நோயாளிகளின் தொல்லையைக் குறைத்ததை 2019-இல் வெளிவந்த நார்டிக் நாடுகளின் ஆய்வு காட்டியது.

உயிரோடு இருக்கிறாளே, அது போதாதா என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை. பயிரிட்டு, களை எடுத்து, பேருந்தில் தக்காளிக் கூடையோடு பாலக்கோடு சந்தைக்குப் போக வேண்டிய பெண்ணுக்கு அரை மணிக்கொரு முறை கழிப்பறை வேண்டும் என்றால் அவள் வயலுக்கும் போக மாட்டாள், கல்யாண வீட்டுக்கும் போக மாட்டாள். யாரிடமும் சொல்லவும் மாட்டாள். எதிர்ப்பாற்றலைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிற துறை, சிகிச்சைக்குப் பத்தாண்டு கழித்து ஒரு கிராமத்துப் பெண்ணின் சிறுநீர்ப்பைச் சுவரில் எந்தச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று போய்ப் பார்க்க அக்கறை காட்டவில்லை. கட்டியில் பணம் இருக்கிறது. ஒரு மருந்தின் விலை பல லட்சம். தழும்பில் யாருக்கும் லாபமில்லை. இது கடுமையான குற்றச்சாட்டு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வழி பெரிய செலவில்லாதது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் அந்தத் தன்னார்வலர்கள் தருமபுரியின் ஊர்களிலும் படியேறுகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் பதிவேட்டில் இரண்டு கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: "அம்மா, உங்களுக்கு எப்போதாவது கரண்ட் வைத்திருக்கிறார்களா? ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சலோ இரத்தமோ உண்டா?" ஆம் என்றால், மாத்திரைச் சீட்டுக்கு முன்னால் சிறுநீர் கல்ச்சரும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு பரிந்துரைக் கடிதமும் வர வேண்டும். கதிர்வீச்சு கொடுத்து அனுப்பும் மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில், சிறுநீரில் இரத்தம் எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் இந்தச் சீட்டைக் காட்டுங்கள் என்று தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். உங்கள் வீட்டில் கரண்ட் வைத்த பெண் இருந்தால், அந்த வரி அச்சாகும்வரை காத்திருக்காமல் இன்றே கேட்டுவிடுங்கள்.