வெற்று அரியணையும் வெண்கோலும்: ரோல்கீனின் கோண்டோர் அரசு பற்றிய ஒரு நோக்கு

கற்பனை நாடுகளைப் பற்றிய கதைகளைத் திறனாய்வின் வாயிலிலேயே நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. யதார்த்தமே இலக்கியத்தின் உரைகல் எனக் கொள்வோர், நிலப்படத்தில் இல்லாத நாடொன்றின் அரசியலை ஆராய்வது வீண்முயற்சி என்பர். மேனாட்டிலும் இக்கருத்து வலுவாகவே ஒலித்துள்ளது. ஜே. ஆர். ஆர். ரோல்கீனின் 'த லோர்ட் ஒவ் த ரிங்ஸ்' 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தபோது, அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1956 இல் அதனைச் சிறுவருக்குரிய மலிவெழுத்தின் வரிசையில் வைத்தார். மைக்கேல் மூர்கொக் 1978 இல் எழுதிய கட்டுரையொன்றில் அந்நூலின் பழைமைவாதத்தையும் வாசகரைத் தாலாட்டும் தொனியையும் சாடினார். 2014 இல், கற்பனைப் புனைகதை எழுதுவோருள் ஒருவரான ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினே, நூலின் இறுதியில் முடிசூடும் அரகோர்னின் வரிக்கொள்கை யாது என நேர்காணலொன்றில் வினவினார். நல்லவன் அரசனானான், நாடு நலம்பெற்றது என்று கூறி முடிப்பது போதாது என்பதே அவ்வினாவின் உட்கிடை.

இவ்வினாக்கள் புறக்கணிக்கத்தக்கனவல்ல. ஆயினும், அந்நூலில் வரும் கோண்டோர் என்னும் அரசைக் கூர்ந்து நோக்குவோர், ஆட்சி பற்றிய தெளிவான வாதமொன்று அதனுள் அமைந்திருப்பதைக் காண்பர். போரினாற் களைத்த ஒரு சமுதாயம் தன் இறந்தகாலத்தை எவ்வாறு பேணுகின்றது என்பதிலேயே அதன் உய்வும் அழிவும் தங்கியுள்ளன என்பதே அவ்வாதம். அதனை எடுத்துக்காட்டுவதும், அது எவ்விடத்திலே தடைப்பட்டு நிற்கின்றது எனச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் கோண்டோரின் ஆட்சியமைப்பை நோக்குவோம். கதை நிகழும் காலத்திலே அங்கு அரசன் இல்லை. மூன்றாம் யுகத்தின் 2050 ஆம் ஆண்டில் எயார்னூர் என்னும் மன்னன் பகைவனின் அறைகூவலை ஏற்றுச் சென்று மீளவேயில்லை. அவனுக்கு மைந்தரும் இலர். அன்றுமுதல், அரசன் திரும்பிவரும்வரை அவன் பெயரால் நாட்டைக் காப்போம் என்று உறுதிபூண்ட பொறுப்பாளர்கள், தந்தைக்குப்பின் மைந்தராக ஆண்டு வருகின்றனர். 3019 இல் நிகழும் பெரும்போரின்போது ஆட்சியிலிருக்கும் டெனதோர், அவ்வரிசையில் இருபத்தாறாமவர். ஏறத்தாழத் தொள்ளாயிரத்து எழுபது ஆண்டுகள் ஓர் அரியணை வெறுமையாக இருந்திருக்கின்றது. பொறுப்பாளர் அதில் அமர்வதில்லை. அதன் படிகளுள் அடிப்படியிலே இடப்பட்ட, அணியேதுமற்ற கருங்கல் இருக்கையே அவருக்குரியது. அவர் கையில் இருப்பது மன்னனின் செங்கோலன்று, வெண்கோல். அவரது கொடியோ சின்னமேதும் பொறிக்கப்படாத வெள்ளைத்துணி.

இவ்வேற்பாட்டில் ஓர் உயர்வு உண்டு. ஆட்சி என்பது பிறருடைய உடைமையைக் காத்துநிற்பது என்னும் எண்ணம் இதனால் நாள்தோறும் நினைவூட்டப்படுகின்றது. ஆனால் அதே ஏற்பாடு உள்ளிருந்து உளுத்துப்போவதையும் ரோல்கீன் காட்டத் தவறவில்லை. டெனதோரின் மூத்த மைந்தன் போரோமிர், பொறுப்பாளர் மன்னராவதற்கு எத்தனை நூற்றாண்டு வேண்டும் எனச் சிறுவயதிலேயே கேட்கின்றான். மாட்சி குன்றிய பிறநாடுகளில் சில ஆண்டுகள் போதும், கோண்டோரிலோ பதினாயிரம் ஆண்டுகளும் போதா என்னும் கருத்துப்படத் தந்தை விடையிறுக்கின்றார். அவ்விடையில் பணிவும் செருக்கும் ஒருங்கே உள்ளன. அதே டெனதோர், அரசுரிமையுடைய ஒருவன் வந்துவிட்டான் என்பதை அறிந்தபின், அவனுக்கு இடங்கொடேன் என மறுக்கின்றார். வராத அரசனுக்காகக் காத்திருந்தவர் வந்த அரசனை ஏற்கமுடியாதவராகின்றார். காத்திருத்தல் என்னும் கடமை காலப்போக்கில் உடைமையாக மாறிவிட்டமையே இதன் காரணம் எனலாம்.

இனி வழக்கங்கள். உணவு கொள்ளுமுன் கோண்டோர் வீரர் மேற்றிசை நோக்கிச் சிறிதுநேரம் மௌனமாக நிற்பர். கடலில் மூழ்கிய நூமெனோர் என்னும் தம் மூதாதையர் தீவினை எண்ணிச் செய்யும் வழக்கம் இது. எளிமையும் அழகும் வாய்ந்த இவ்வழக்கத்தை எடுத்துக்காட்டும் அதே இளைய மைந்தன் பராமிர்தான், தன் இனத்தின் நோயையும் எடுத்துரைக்கின்றான். முன்னோர் வாழ்வோரின் மனைகளினும் கல்லறைகளைச் சிறப்பாக அமைத்தனர். மைந்தரின் பெயர்களினும் வமிசாவளியிலுள்ள பழம்பெயர்களையே பெரிதென மதித்தனர் என்பது அவன் கூற்றின் சாரம். தலைநகராகிய மினாஸ் திரித் அதற்குச் சான்று. ஏழு அடுக்குகளாக எழும் அந்நகரில், வாழக்கூடியோரில் அரைவாசிப் பேரும் இல்லை. பெருமனைகளின் வாயில்களிலே பழங்குடிப் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே காலடியோசை இல்லை. நினைவு ஓர் இனத்தை வாழ்விக்கவும் கூடும், அதன் வாழ்விடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளவும் கூடும் என்பதை இவ்விரு காட்சிகளும் உணர்த்துகின்றன.

குலப்பெருமை நாட்டினையே பிளந்த வரலாறும் நூலின் பின்னிணைப்பிலே தரப்பட்டுள்ளது. வலகார் என்னும் மன்னன் வடநாட்டு மக்கள் தலைவன் ஒருவனின் மகளை மணந்தான். அவள் வயிற்றிற் பிறந்த எல்டகார் கலப்புக் குருதியினன் என்று கூறி, 1432 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அப்போரில் அரசின் பழைய தலைநகரான ஒஸ்கிலியாத் எரியுண்டது. 1437 இல் அரியணையைப் பற்றிய கஸ்தமிர், எல்டகாரின் மைந்தனையும் கொன்றான். பத்தாண்டு கழிந்து எல்டகார் மீண்டுவந்து வென்றான். தோற்றோரின் மைந்தர் தென்றிசைத் துறைமுகமாகிய உம்பாருக்குச் சென்று அதனைப் பகைத்தளமாக்கினர். நாட்டின் தலைநகரை முதன்முதல் எரித்தவர் வெளிப்பகைவரல்லர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. தூய்மை காக்கவென எழுந்த போரே, காக்கப்படவேண்டிய நாட்டை மெலிவித்தது.

நூலின் உச்சக்கட்டத்தில் இவ்விழைகள் அனைத்தும் ஒன்றுசேர்கின்றன. நகரின் ஆறாம் அடுக்கிலே இரு இடங்களை ரோல்கீன் அமைத்துள்ளார். ஒன்று, மன்னரும் பொறுப்பாளரும் துயிலும் கல்லறைத் தெருவுக்கு இட்டுச்செல்லும் வாயில். மற்றொன்று ஆதுலர்சாலை. முற்றுகை நாளில் டெனதோர், காயமுற்று உணர்விழந்து கிடக்கும் பராமிரைத் தூக்குவித்துக் கல்லறைக்குச் செல்கின்றார். மைந்தனோடு தானும் எரிந்துபோகத் துணிகின்றார். அவரை அந்நிலைக்குத் தள்ளியது தொலைவினைக் காட்டும் ஒரு கல். அக்கல் பொய்க்காட்சி காட்டவில்லை. ஆனால் பகைவன், தான் விரும்பிய காட்சிகளையே அவர் காணச் செய்தான். உம்பாரின் கரும்பாய்க் கப்பல்கள் ஆற்றின்வழி வருவதை அவர் கண்டது மெய். அவற்றிலே துணைப்படையோடு வருபவன் அரகோர்ன் என்பதை அவர் அறியவில்லை. தெரிந்தெடுத்துத் தரப்பட்ட உண்மையும் ஒருவனை அழிக்கவல்லது என்னும் இக்கருத்து, பிரசாரம் பெருகிய நூற்றாண்டொன்றின் அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை. 1916 இல் சொம் போர்க்களத்தில் நின்றவர் ரோல்கீன். 1918 அளவில் நெருங்கிய நண்பருள் ஒருவரைத் தவிர ஏனையோரை இழந்தவர். தம் நூலை உருவகக் கதையாகக் கொள்வதை அவர் மறுத்தாரெனினும், களைப்பென்பது யாது என்பதை அவர் ஏட்டிற் கற்கவில்லை.

கல்லறையிலிருந்து மீட்கப்பட்ட பராமிர் ஆதுலர்சாலைக்குக் கொண்டுசெல்லப்படுகின்றான். அங்கு அரகோர்ன் முடியின்றி, ஆரவாரமின்றி, மூலிகையொன்றைக் கசக்கி நோயாளரை எழுப்புகின்றான். அம்மூலிகையை அறிஞர்கள் மதிப்பதில்லை. அரசனின் கை நோய்தீர்க்கும் கை என்னும் பழமொழியை நினைவில் வைத்திருந்தவளும் ஆதுலர்சாலைப் பணிப்பெண்ணாகிய ஒரு முதியவளே. அரசு என்பதன் பொருள் இங்கு இடம்மாறுகின்றது. கல்லறையைக் காப்பவனுக்கன்றி, காயத்தை ஆற்றுபவனுக்கே ஆட்சி உரியதாகின்றது.

பராமிரைக் காக்கவெனக் காவலிடத்தை நீங்கிக் கல்லறை வாயிலிலே குருதி சிந்திய பெரெகொண்ட் என்னும் வீரன் மீதான தீர்ப்பு இதனை உறுதிப்படுத்துகின்றது. பண்டைச் சட்டப்படி அவனுக்குரியது மரணம். அரகோர்ன் அவனைத் தலைநகர்க் காவற்படையிலிருந்து நீக்கி, பராமிரின் காவற்றலைவனாக அனுப்புகின்றான். சட்டம் பொய்யாகவுமில்லை, உயிர் போகவுமில்லை.

வேற்றினத்தார்க்கு இவ்வாட்சி தருவது யாது என்னும் வினா எஞ்சுகின்றது. கீழ்த்திசைப் படையினர்க்கு மன்னிப்பு, தென்னாட்டு ஹராத் மக்களோடு சமாதானம், பகைவனின் அடிமைகளுக்கு விடுதலையும் அவர்கள் உழைத்த நிலமும் எனப் புதிய அரசனின் ஆணைகள் அமைகின்றன. காட்டுவாழ் மக்களின் தலைவன் கான் பூரி கான், தன் மக்களை இனி விலங்குகளைப்போல் வேட்டையாடலாகாது என்று கேட்டது கோண்டோரின் நட்பு நாடாகிய ரோஹானின் மன்னனிடமே. அவர்களின் காடு அவர்களுக்கே உரித்தாக்கப்படுகின்றது. அவர்தம் இசைவின்றி எவரும் அதனுட் புகலாகாது என அறிவிக்கப்படுகின்றது. வெற்றிபெற்ற தரப்பும் தீங்கிழைத்திருந்தது என்பதை ஒப்புக்கொண்டு முடியும் போர்க்கதைகள் அரியன.

எனினும் குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது. குருதித்தூய்மை நாட்டைப் பிளந்ததெனக் காட்டிய ஆசிரியரே, நோய்தீர்க்கும் ஆற்றலை அரசகுலக் குருதியின் வழியாகவே வரச்செய்கின்றார். முடிசூட்டு நாளில் பராமிர் மக்களின் இசைவைக் கேட்கின்றான். மக்களும் ஆமென ஆர்ப்பரிக்கின்றனர். ஆயின் அவர்கள் இல்லையெனக் கூறியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நூல் எண்ணிப்பார்க்கவில்லை. மக்களை உயர்ந்தோர், இடைநின்றோர், இருளினர் எனப் பகுக்கும் பராமிரின் நோக்கும் முற்றாக மறுக்கப்படவில்லை. ஓர்க்குகள் எனப்படும் பகைப்படையினர்க்கு அச்சமாதானத்தில் இடமேயில்லை. இறந்துகிடக்கும் தென்னாட்டு வீரன் ஒருவனைக் கண்டு, இவன் பெயர் யாதோ, எப்பொய் இவனை இங்கு அழைத்துவந்ததோ எனச் சாம் என்னும் தோட்டக்காரன் எண்ணுவான். அத்தகைய எண்ணம் ஓர்க்கின் உடலருகே எவருக்கும் எழுவதில்லை. மார்ட்டினின் வினாவுக்கும் நேரான விடையில்லை. உழவரும் வண்டிக்காரரும் தோன்றுகின்றனர். போரின் பளுவைச் சுமந்தோர் யார், எவ்வளவு என்னும் கணக்குத் தோன்றுவதில்லை.

இக்குறையை ரோல்கீன் உணர்ந்திருந்தார் எனக் கொள்ள இடமுண்டு. பெரும்போர் முடிந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின்னான கோண்டோரைப் பற்றி 'த நியூ ஷடோ' (புதிய நிழல்) என்னும் கதையை அவர் தொடங்கினார். அதில் சமாதானம் சலிப்பைத் தருகின்றது. சிறுவர் ஓர்க்கு வேடமிட்டு விளையாடுகின்றனர். மறைவிலே ஏதோ சதி உருவாகின்றது. சில பக்கங்களோடு அதனைக் கைவிட்டுவிட்டார். அவர் 1973 இல் மறைந்தபின், 1996 இலேயே அது அச்சேறியது. காயத்தை ஆற்றும் ஒரு கையைப் படைத்துவிட்டவர், அக்கை இல்லாத காலத்தில் ஆறிய காயத்தைப் பேணும் நிறுவனங்களைப் படைக்க முடியாது நின்றுவிட்டார்.

கோண்டோரை நாம் கற்கவேண்டியது இதன்பொருட்டே. கல்லறைக்கும் ஆதுலர்சாலைக்கும் இடையே ஒரு நாடு செய்யும் தெரிவை இந்நூல் செம்மையாகக் காட்டியுள்ளது. தெரிவு செய்தபின் வரும் நெடிய ஆண்டுகளை அது எழுதவில்லை. அவ்வாண்டுகளைப் பற்றிய வினாக்களோடுதான் அதனை நாம் வாசித்தல் வேண்டும்.