உப்பளத்தில் முகம் தேடி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களில் கேமரா வைத்திருப்பவர்கள் மரக்காணத்தில் வண்டியை ஓரங்கட்டாமல் போவதில்லை. நீர் கட்டிய உப்புப் பாத்தி, வெள்ளைக் குவியல், விடிகாலையில் தலைச்சுமையோடு வரப்பில் நடக்கும் பெண்: மரக்காணத்துப் படங்களில் இவையே மாறி மாறி வருகின்றன. அழகான படங்கள்தான். ஆனால் அந்தப் பெண் பெரும்பாலும் கறுப்பு நிழலுருவாகவே நிற்கிறார், முகம் கிடையாது. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அத்தனை பழைய ஊருக்கு இவ்வளவு மெலிந்த படத்தொகுப்பு ஏன்?

கலைக் குடும்பங்களில் வளர்ந்த இந்தியப் புகைப்படக்காரர்களைப் பார்த்தால் காரணம் ஓரளவு பிடிபடுகிறது.

உம்ராவ் சிங் ஷெர்கில் (1870–1954) சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். மனைவி ஹங்கேரிய ஓபரா பாடகி. தன்னையும் மனைவியையும் இரண்டு மகள்களையும் பல பத்தாண்டுகள் விடாமல் படமெடுத்தார். மூத்த மகள் அம்ரிதா ஓவியரானார். இளைய மகளின் மகன் விவான் சுந்தரம் 2001–02இல் தாத்தாவின் படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று கோத்து ‘ரீ-டேக் ஆஃப் அம்ரிதா’ வரிசையை உருவாக்கினார். வீட்டுப் படப்பெட்டியே அவருக்குக் கச்சாப்பொருள்.

பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவின் தந்தை பார்சி நாடக நடிகர். அதனால் மகள் எடுத்த நேரு படங்களில் மேடையறிந்த கண் தெரிகிறது என்று சொல்லலாம். எனக்கு அது மிகையாகவே படுகிறது. அவற்றில் பத்திரிகை வேலையின் வேகமே அதிகம். பாப்லோ பார்த்தலோமியூவின் கதை வேறு. தந்தை ரிச்சர்ட் கலை விமர்சகர், புகைப்படக்காரர். தாய் ரதி நாடகத்துறையைச் சேர்ந்தவர். 1984இல் போபால் நச்சுவாயுப் பேரழிவில் இறந்து புதைக்கப்படும் குழந்தையின் முகத்தைப் பதிவுசெய்து உலகப் புகழ் பெற்ற பாப்லோ, அதற்கு வெகுமுன்பே தன் வீட்டாரையும் நண்பர்களையும் எடுத்துப் பழகியிருந்தார்.

இந்த வரிசையில் எனக்கு முக்கியமானவர் தயானிதா சிங். தாய் நோனி சிங் தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்லர். உறவினரையும் மகள்களையும் தன் ஆசைக்கு எடுத்தவர். மகளின் முதல் நூல் தபலாக் கலைஞர் ஜாகிர் உசேனைப் பற்றியது (1986). தபலா மேதை அல்லா ரக்காவின் மகனான அவரும் வீட்டில் கலை கற்றவர்தான். 2008இல் வந்த ‘சென்ட் எ லெட்டர்’ ஏழு மடிப்பு நூல்களின் தொகுப்பு. அதில் ஒன்று நம் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்துக்கு. மற்றொன்று முழுக்கத் தாய் எடுத்த படங்களுக்கு. தாயின் குடும்பப் படங்களைத் தன் கலையோடு சரிசமமாக வைத்த துணிச்சல் அது. கலைக் குடும்பம் தருவது நுட்பத்தை அல்ல. ஒரே ஆளை ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் பார்க்கும் பழக்கத்தை. மரக்காணத்தில் ஒரு காலைப்பொழுது மட்டும் நிற்கும் கேமராவுக்கு இல்லாதது அதுவே.

அப்படியானால் கலைக் குடும்பத்தில் பிறக்காதவருக்கு வழியில்லையா? 2022இல் தயானிதா சிங் ஹாசல்பிளாட் புகைப்பட விருது பெற்றார். அதையொட்டி அவர், ஊரக இந்தியாவைப் பதிவுசெய்யும் பாரி (PARI) இணைய இதழோடு சேர்ந்து ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருது முதலில் எம். பழனி குமாருக்குப் போனது. ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மீன் விற்ற தாயின் மகன். தாயின் உழைப்பையே படக்கட்டுரையாக்கியவர். தூத்துக்குடி உப்பளப் பெண்களைப் பற்றிய பாரி கட்டுரைக்கு அவர் எடுத்த படங்களில் உழைக்கும் பெண்களுக்கு முகம் இருக்கிறது. தன் வீட்டுப் பெண்ணின் உழைப்பைப் பார்த்துப் பழகிய கண் அது.

மரக்காணத்துக்கும் அப்படியொரு தொகுப்பு வேண்டும். அதற்கு வெளியாள் எடுக்கும் புதிய படங்கள் மட்டும் போதாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிம வடிவில் சேமித்திருக்கிறது. உப்பளக் குடும்பங்களின் சுவரிலும் டிரங்குப் பெட்டியிலும் இருக்கும் கல்யாணப் படங்களையும் அப்படியே சேர்க்கலாம். உப்புக்காற்றில் காகிதம் நாள்பட நிற்காது. அடுத்த முறை மரக்காணத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் பாத்தியைப் படமெடுப்பதற்கு முன், அங்கே வேலை செய்பவரிடம் அவர் வீட்டுப் படங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.