ஊழும் உடலும்

ஜெஃப்ரி யூஜெனிடிஸின் 'மிடில்செக்ஸ்' நாவல் 2002இல் வெளிவந்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசைப் பெற்றது. டெட்ரோயிற் நகரின் கிரேக்கக் குடும்பமொன்றில் பெண்ணாக வளர்ந்த கலியோப்பி, பருவ வயதில் ஆணாக வாழத் தலைப்படுவதே கதை. காரணம் ஒரு நொதியக் குறைபாடு. ஆண் ஓமோனை அதன் வலிய வடிவுக்கு மாற்றும் நொதியம் குறைந்தால், ஆண் நிறமூர்த்தங்களோடு பிறக்கும் குழந்தை புறத்தோற்றத்தில் பெண்போலக் காணப்படலாம். பருவமெய்துங்கால் ஆண்மைக் குறிகள் வெளிப்படும்.

உண்மையை மறைத்து, அவளைப் பெண்ணாகவே நிலைநிறுத்த வைத்தியர் அறுவைச் சிகிச்சை விதிப்பதும், அவரது அறிக்கையை இரகசியமாகப் படித்த கலியோப்பி தப்பியோடுவதும் நாவலின் சிறந்த பகுதிகள். தனிமனித உடலின்மீது சமூகம் செலுத்தும் அதிகாரம் அங்கே அம்பலமாகின்றது.

ஆயின், வேரைத் தேடுமிடத்து ஆசிரியர் தடுமாறுகின்றார். 1922இல் சிமிர்னாவிலிருந்து தப்பிய பாட்டனும் பாட்டியும் உடன்பிறந்தோர். அவர்தம் முறைகேட்டின் தண்டனைபோலவே பேரப்பிள்ளையின் உடல் தோன்றுகின்றது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள பரம்பரையலகு வந்தாலே இந்நிலை ஏற்படும். நெருங்கிய உறவுத் திருமணத்தில் அதற்கான வாய்ப்பும் மிகுதி. எனினும் வாய்ப்பு வேறு, வினைப்பயன் வேறு. டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில் இத்தகைய பிள்ளைகள் பலர் இருந்தமையை 1974இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அங்கே பாவம் செய்தவர் யார்?

வைத்தியரின் கத்தியிலிருந்து கலியோப்பியைக் காத்த ஆசிரியர், ஊழின் பிடியிலிருந்தும் அவளை விடுவித்திருக்க வேண்டுமென்பதே நமது துணிபு.